கோப்பியைத் தின்ற துரு

1869ஆம் ஆண்டு மே மாதம். இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் சில கோப்பிச் செடிகளின் இலைகளில் மஞ்சள் புள்ளிகள் தென்பட்டன. மேலே பார்த்தால் எண்ணெய்க் கறை மாதிரி இருக்கும். இலையைத் திருப்பித் தடவினால் ஆரஞ்சு நிறப் பொடி துருவைப் போல விரலில் ஒட்டும். புள்ளிகள் பெருகிய இலை உதிர்ந்துவிடும்.

பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் த்வெய்ட்ஸ், மாதிரி இலைகளை இங்கிலாந்தில் இருந்த பெர்க்லி என்ற பாதிரியாருக்கு அனுப்பினார். பூஞ்சைகளை அறிவதில் அன்று அவருக்கு மிஞ்சியவர் அரிது. நுண்ணோக்கியில் அந்தப் பொடி சிறுநீரக வடிவ வித்துகளாகத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் முதுகுப்புறம் சொரசொரப்பு, வயிற்றுப்புறம் வழவழப்பு. அப்படியொரு பூஞ்சையை அதுவரை யாரும் பதிந்ததில்லை. அந்த நவம்பரிலேயே 'ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ்' என்ற பெயர் அச்சேறியது.

ஆறே மாதத்தில் நோய்க்குப் பெயர் வந்துவிட்டது, வைத்தியம்தான் வரவில்லை. வைத்தியம் தேடும் அவசரமும் தோட்டத் துரைமாருக்கு இருக்கவில்லை. இலை உதிர்ந்த செடி அடுத்த மழையில் மறுபடி துளிர்த்தது. மண்ணின் சத்துக் குறைவு, பருவநிலைக் கோளாறு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். போதாக்குறைக்கு, 1870களில் கோப்பி விலை ஏறிக்கொண்டே போனது. விளைச்சலில் விழுந்த ஓட்டையை விலை அடைத்ததால், காட்டை வெட்டி இன்னும் உயரத்தில் புதிய தோட்டங்கள் போட்டார்கள். 1878இல் கோப்பிப் பயிர் சுமார் 2,75,000 ஏக்கரில் நின்றது. நோய்க்கு இதைவிடப் பெரிய விருந்து கிடைத்திருக்காது.

நோயை ஆராய 1880இல் அரசு வரவழைத்த தாவரவியலாளர் ஹாரி மார்ஷல் வார்டுக்கு வயது இருபத்தைந்துதான். கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்து, வித்து காற்றில் பறந்து வருவதைப் பிடித்துக் காட்டினார். நல்ல இலையின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு நீரில் வித்துகளை விட்டார். அவை முளைத்தன, மெல்லிய குழாய்கள் இலைத்துளைகள் வழியே உள்ளே நுழைந்தன. இரண்டு மூன்று வாரத்தில் அதே இடத்தில் மஞ்சள் புள்ளி. ஆரோக்கியமான செடியையும் பூஞ்சை தாக்கும் என்பது நிரூபணமானது. பலவீனமான செடிக்குத்தான் இந்த நோய் என்ற பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும்.

வார்டு கண்டதன் சாரம் இதுதான்: பூஞ்சை இலைக்குள் புகுந்துவிட்டால் மருந்து எட்டாது, வித்து முளைக்கும் முன்பே இலையைக் காக்க வேண்டும். மலைக்கு மலை ஒரே பயிராக நின்றதும் நோய் பரவ வழிவிட்டது என்றார். ஆனால் கையில் இருந்தவை கந்தகமும் சுண்ணாம்பும்தான். அவற்றை மலைநாட்டு மழை கழுவிக்கொண்டு போனது. தீராத நோய்க்கு மருத்துவர் மேலே கோபப்படுவது வழக்கம்தானே. துரைமாரும் ஏமாற்றத்தை மறைக்கவில்லை. 1882இல் அவர் ஊர் திரும்பினார்.

அதே 1882இன் அக்டோபரில், பிரான்சின் மெடோக் பகுதியில் மில்லார்டே என்ற தாவரவியலாளர் ஒரு விந்தையைக் கண்டார். வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கச் சாலையோரத் திராட்சைக் கொடிகளில் செம்பு உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசியிருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோயால் இலை உதிரவில்லை. அவர் 1885இல் வெளியிட்ட போர்டோக் கலவை, வார்டு தேடிய அதே வகை மருந்து.

இலங்கைக் கோப்பிக்கு அது எட்டவில்லை. 1870இல் சுமார் 10 கோடி பவுண்டு எடையாக இருந்த ஏற்றுமதி, 1889இல் 50 லட்சம் பவுண்டுக்கு இறங்கியது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் கதவை அடைத்தது. பட்ட கோப்பி மரங்களின் தண்டுகள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின, தேநீர் மேசைக்குக் கால்களாக!

கோப்பி பறிப்பு சில மாத வேலை. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரில் பெரும்பாலோர் பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். கோப்பி போன இடத்தில் வந்த தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும். குடும்பங்கள் லயங்கள் எனும் வரிசை வீடுகளிலேயே தங்கிப்போயின. மலையகத் தமிழரின் நிலைத்த குடியிருப்பில் இந்தப் பூஞ்சைக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் அது மிகையில்லை.

தென்னிந்தியக் கோப்பித் தோட்டங்களில் இன்றும் பருவமழைக்கு முன்னும் பின்னும் போர்டோக் கலவை தெளிக்கிறார்கள். 200 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் முக்கி எடுக்கும்போது செந்நிறச் செம்புப் படலம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள்; அப்படியே அடித்தால் இலை கருகும். தெளிப்பானின் மூக்கு இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

1946இல் தேயிலைக்கும் சோதனை வந்தது. கொழுந்தில் கொப்புளம் எழுப்பும் வேறொரு பூஞ்சை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவியது. இம்முறை செம்பு மருந்து கையிலிருந்தது. தேயிலை பிழைத்துக்கொண்டது.