அளவுகோலும் மாணாக்கரும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகையிரதம் கடுகண்ணாவைக் கணவாயை ஏறத் தொடங்கிய 1867ஆம் ஆண்டிலேயே, இலங்கைக் கல்வியின் போக்கை மாற்றிய மோர்கன் குழுவின் அறிக்கையும் வெளிவந்தது. அதன் பயனாக 1869இல் பொதுப்போதனாப் பகுதி நிறுவப்பெற்றது. அதன்பின் பாடசாலைகளுக்கு உதவி நன்கொடை வழங்குவதில், பரீட்சைப் பெறுபேற்றுக்கேற்பப் பணம் அளிக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது.

இம்முறை, இங்கிலாந்தில் 1862இல் றொபேட் லோ என்பார் வகுத்த திருத்திய விதிக்கோவையிற் பிறந்தது. வாசிப்பு, எழுத்து, எண் ஆகிய மூன்றுக்கும் அதில் ஆறு படிகள் குறிக்கப்பெற்றன. வாசிப்பின் முதற்படி ஓரசைச் சொற்களாலாய சிறுகதை; ஆறாம் படி புதினப்பத்திரிகையின் ஒரு பந்தி. எழுத்தும் அவ்வாறே, தனியெழுத்துக்களைச் சிலேற்றில் வரைவதிற் தொடங்கி, பத்திரிகைப் பந்தியொன்றைச் சொல்வதெழுதுதலில் முடிந்தது. மாணாக்கர் எய்தவேண்டிய தேர்ச்சியை இவ்வாறு படிப்படியாக வரையறுத்தமை குற்றமன்று. குற்றம் அதனைப் பயன்படுத்திய வகையிலேயே இருந்தது.

வித்தியாதரிசி ஆண்டுக்கொருமுறை வந்து, தேறினார், தேறாதார் எனப் பிரித்துச் சென்றார். அப்பிரிவிலேயே பாடசாலையின் வருவாய் தங்கிற்று. ஆகவே, வாசிக்கக் கற்பித்தலினும் வாசகத்தை மனனஞ் செய்வித்தல் எளிதாயிற்று. மெய்யாக வாசிக்க அறியாத பிள்ளையையும் தந்திரமான ஆயத்தத்தால் வாசிப்பிற் சித்தியெய்துவிக்கலாம் என, தாமே தரிசியாயிருந்த மதியு ஆணல்ட் தம் அறிக்கையிற் கண்டித்தார். இங்கிலாந்து 1890களில் இம்முறையைக் கைவிட்டது.

நம் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிய பிள்ளையின் பிழை அக்கணமே அழிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. அங்கும் மனனம் மிகுதி. எல்லாக் குலத்துப் பிள்ளைகளுக்கும் அங்கு இடமுமில்லை. எனினும் திருத்தம் அன்றாட வினையாயிருந்தமை கருதற்பாலது.

தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைத்தல் தோட்டத்தாரின் கடமையென 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் விதித்தது. ஒரே அறையிற் பல வகுப்புகளை ஓராசிரியர் நடத்திய அத்தகைய பள்ளிகளில், எப்பிள்ளை எங்கே தடுமாறுகின்றது என்பதை ஆண்டிறுதிப் பரீட்சை காலங்கடந்தே காட்டும்.

1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளில் தொடர் கணிப்பீட்டை வலியுறுத்திற்று. எழுத்துக்கூட்டி வாசித்தல், தொடராக வாசித்தல், பொருளுணர்ந்து வாசித்தல், வாசித்ததைத் தன் சொல்லாற் கூறல் என இன்றைய ஆசிரியரும் படிகளே வகுக்கின்றார். ஆயினும் அவை பிள்ளைக்கும் முன்கூட்டியே தெரிந்திருத்தல் வேண்டும். அடுத்த படிக்கு யாது செய்யவேண்டும் என்பதை அவை உணர்த்தல் வேண்டும்.

கணவாய்ப் பாதையில் மைற்கல்லும் உண்டு, சுங்கச்சாவடியும் இருந்தது. முன்னது வழிப்போக்கனுக்காக நின்றது. பின்னது பணத்துக்காக நின்றது. அளவுகோல் இவ்விரண்டில் எதுவாதல் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் அதனைக் கையிலேந்தும் ஆசிரியரே.