நிலத்தடி நீர் வகைப்பாடும் மாசடைந்த நிலங்களின் சீரமைப்பும்: விதிகள் கூறுவது என்ன?

பெங்களூரு: தொம்மலூரில் வீடோ மனையோ வாங்க விரும்பும் ஒருவர், அந்த இடத்தின் நிலத்தடி நீர் குறித்து அரசு ஆவணங்களில் தேடினால் அவருக்குக் கிடைக்கும் விடை ஒரே ஒரு சொல்தான்: ‘அதிநுகர்வு’. பெங்களூரு நகர மாவட்டத்தின் தாலுகாக்களை மத்திய நிலத்தடி நீர் வாரியம் இந்தப் பிரிவில்தான் வைத்துள்ளது. ஆண்டுதோறும் ஊறும் நீரைவிட அதிகமான நீர் உறிஞ்சப்படுகிறது என்பதே இதன் பொருள். அந்த நீரைக் குடிக்கலாமா, பக்கத்தில் முன்பு இயங்கிய பட்டறையிலிருந்தோ பெட்ரோல் நிலையத் தொட்டியிலிருந்தோ அதில் ஏதேனும் கலந்துள்ளதா என்ற கேள்விகளுக்கு இந்த வகைப்பாட்டில் இடமில்லை.

மாசடைந்த இடங்களை அடையாளம் கண்டு சீரமைப்பதற்கெனத் தனி விதிகளை மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்ற அமைச்சகம் 2025 ஜூலையில் வெளியிட்டது. நிலத்தடி நீரின் அளவைப் பார்க்கும் முறை ஒருபுறமும், நிலத்தின் மாசைப் பார்க்கும் விதிகள் மறுபுறமும் நிற்கின்றன. இரண்டையும் இணைக்க வேண்டிய கேள்வி, ‘இந்த நீர் எதற்குப் பயன்படப் போகிறது?’ என்பதாகும். இந்திய நடைமுறையில் அக்கேள்வி பெரும்பாலும் காலம் கடந்தே கேட்கப்படுகிறது.

அளவைக் கூறும் வகைப்பாடு

ஒரு பகுதியில் ஆண்டுக்கு எடுக்கத்தக்க நிலத்தடி நீரில் எத்தனை விழுக்காடு எடுக்கப்படுகிறது என்பதே மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் அளவுகோல். 70 விழுக்காடு வரை எடுத்தால் அப்பகுதி ‘பாதுகாப்பானது’. 70 முதல் 90 வரை ‘மிதமான அபாயகரமானது’. 90 முதல் 100 வரை ‘அபாயகரமானது’. 100 விழுக்காட்டைத் தாண்டினால் ‘அதிநுகர்வு’. உவர்நீர்ப் பகுதிகள் தனியே குறிக்கப்படுகின்றன. பல மாநிலங்களில் வட்டாரம் அல்லது தாலுகா அளவில் நடைபெறும் இக்கணக்கீடு, தமிழ்நாட்டில் குறுவட்ட அளவில் நடைபெறுகிறது. 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டில் உள்ள 6,746 அலகுகளில் 4,951 பாதுகாப்பானவை. 751 அதிநுகர்வுப் பிரிவைச் சேர்ந்தவை.

‘பாதுகாப்பானது’ என்ற சொல்லே இங்குக் குழப்பத்துக்கு வழிவகுக்கிறது. புளோரைடு மிகுந்த கிணறுகள் உள்ள பகுதியில்கூட நீர் எடுப்பு குறைவாக இருந்தால் அது இந்தப் பட்டியலில் பாதுகாப்பான பகுதியே. நீரின் தரத்தை மதிப்பிட இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்ற குடிநீர்த் தரநிலை பயன்படுகிறது. ஒரு லிட்டரில் நைட்ரேட் 45 மில்லிகிராம், மொத்த குரோமியம் 0.05 மில்லிகிராம், ஈயம் 0.01 மில்லிகிராம் என்பன அதன் வரம்புகளுள் சில.

தர அறிக்கையை வாரியம் தனியாக வெளியிடுகிறது. 2024 டிசம்பர் இறுதியில் வெளியான அறிக்கையின்படி, நாடு முழுவதும் எடுக்கப்பட்ட மாதிரிகளில் ஏறத்தாழ 20 விழுக்காட்டில் நைட்ரேட் வரம்பை மீறியிருந்தது. கர்நாடகத்தில் இது 48 விழுக்காடு. தமிழ்நாட்டில் 37 விழுக்காடு. வயல்களில் இடப்படும் உரமும், நகரங்களில் கசியும் கழிவுநீரும் இதற்கு முதன்மைக் காரணங்கள். இந்த அறிக்கையின் எண்களும் ‘பாதுகாப்பான’, ‘அதிநுகர்வு’ போன்ற பிரிவுகளும் ஒரே பட்டியலில் இணைவதில்லை. நீர் எடுக்க அனுமதி கோருவோருக்கு முதல் பட்டியல்தான் முக்கியம். அந்நீரைக் குடிப்போருக்கு இரண்டாவது பட்டியல்தான் முக்கியம்.

தொம்மலூரின் நிலத்தடி

பெங்களூரு கடினப் பாறை மேட்டில் அமைந்த நகரம். மேலே சிதைந்த பாறை அடுக்கு. அதன் கீழே பிளவுகளில் மட்டும் நீர் ஓடும் பாறை. மணற்பாங்கான ஆற்றுப்படுகையில் மாசு எத்திசையில் நகரும் என்பதை ஓரளவு கணிக்கலாம். பாறைப் பிளவுகளில் அது எளிதன்று. அடுத்தடுத்த இரு மனைகளின் ஆழ்துளைக் கிணறுகளில் ஒன்றில் மாசும் மற்றொன்றில் நல்ல நீரும் கிடைப்பது இதனால்தான்.

சோழர், ஹொய்சாளர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் கொண்ட சொக்கநாதசுவாமி கோயிலால் அறியப்படும் தொம்மலூருக்கு ஒரு காலத்தில் சொந்தமாக ஏரியும் இருந்தது. அந்த இடம் பின்னர் குடியிருப்பாக மாறிவிட்டது. அல்சூர் பக்கமிருந்து தொம்மலூர் வழியாகப் பெல்லந்தூர் ஏரியை நோக்கிச் செல்லும் சல்லகட்டா நீர்வழி, மழைநீரோடு கழிவுநீரையும் சுமந்து செல்கிறது. நுரையாலும் தீயாலும் உலகச் செய்திகளில் இடம்பெற்ற பெல்லந்தூர் ஏரியில்தான் அந்த நீர் போய்ச் சேர்கிறது.

இதே பள்ளத்தாக்கின் பெயரைக் கொண்ட கோரமங்களா–சல்லகட்டா திட்டம் இங்குக் குறிப்பிடத்தக்கது. நாளொன்றுக்கு 440 மில்லியன் லிட்டர் அளவுக்குச் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைக் கோலார் பகுதி ஏரிகளுக்கு அனுப்பி, அங்கு நிலத்தடி நீரைப் பெருக்குவது அதன் நோக்கம். 2018இல் நீர் சென்றடையத் தொடங்கிய சில வாரங்களிலேயே ஏரியில் நுரை காணப்பட்டது. விவகாரம் நீதிமன்றம் சென்றது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாம் நிலையும் தேவை என்று அப்பகுதி விவசாயிகள் கோரி வருகின்றனர். வறண்ட கிணறுகளில் நீர் ஊறியது திட்டத்தின் வெற்றியே. ஆயினும் நீர்மட்ட உயர்வை மட்டும் வைத்து வெற்றியை அளந்தால், ஊறிய நீரின் தரம் கணக்கில் வராமலே போய்விடும்.

எவ்வளவு தூய்மை போதும்?

மாசடைந்த இடத்தைத் தூய்மைப்படுத்துவது என்றால் அதைப் பழைய நிலைக்கே மீட்பது என்று பலர் கருதுகின்றனர். நடைமுறையில் அது அரிது. மாசின் மூலம், அது பயணிக்கும் வழி, அதனால் பாதிக்கப்படுவோர் ஆகிய மூன்றையும் ஆராய்ந்து, ஏற்கத்தக்க அளவு என ஒன்றை வல்லுநர்கள் நிர்ணயிக்கின்றனர். மூன்றில் ஏதேனும் ஒன்றை அறுத்துவிட்டாலும் ஆபத்து குறையும். மாசைத் தோண்டி அகற்றலாம். தடுப்புச் சுவர் எழுப்பி அது பரவாமல் நிறுத்தலாம். நீரை வெளியே இறைத்துச் சுத்திகரிக்கலாம். மாற்றுக் குடிநீர் வழங்குவதும் ஒரு வழிதான், ஆனால் அப்போது மாசு அங்கேயே இருக்கும்.

நீரின் பயன்பாட்டை முதலில் வகுத்துவிட்டு, அதற்கேற்பச் சீரமைப்பு இலக்கை வைக்கும் முறை அமெரிக்காவில் உள்ளது. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1986இல் வகுத்த வழிகாட்டுதலில், மாற்றே இல்லாத சிறப்பு நீராதாரம் முதல் வகுப்பு. இப்போது குடிநீராக உள்ளதும் இனி ஆகக்கூடியதும் இரண்டாம் வகுப்பு. உப்புச் செறிவு போன்றவற்றால் குடிக்க இயலாதது மூன்றாம் வகுப்பு. மாசசூசெட்ஸ் மாநிலம் இன்னும் நுட்பமாகச் செல்கிறது. குடிநீர் அல்லாத நீராயினும், ஆழம் குறைந்த இடத்தில் கட்டடத்துக்கு அருகே இருந்தால் அதிலிருந்து எழும் நச்சு ஆவி வீட்டுக்குள் புகலாம் என்பதற்காக அங்குத் தனி வகுப்பே உண்டு. நம் நாட்டு விவாதங்களில் ஆவியைப் பற்றிய பேச்சு மிக அரிதாகவே எழுகிறது.

இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறு, ஏரி போன்ற மேற்பரப்பு நீருக்குப் பயன்பாட்டின் அடிப்படையில் ஐந்து வகுப்புகளை வைத்துள்ளது. நிலத்தடி நீருக்கு அத்தகைய நாடு தழுவிய வகுப்பு நடைமுறையில் இல்லை. எனவே இலக்கு இடத்துக்கு இடம் பேசித் தீர்க்கப்படுகிறது. நிலத்தைப் பொறுத்தவரை இதற்குக் கொடைக்கானல் சான்று. 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் மண்ணில் கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று சீரமைப்பு இலக்கு வகுக்கப்பட்டது. குடியிருப்புப் பயன்பாட்டுக்கு இது போதும் என்பது ஒரு வாதம். அந்த இடம் குடியிருப்பு அன்று, வைகையில் சேரும் நீர் பிறக்கும் பாம்பார் சோலையின் விளிம்பு. எனவே இலக்கு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்பது மறுவாதம். பயன்பாட்டை யார் வரையறுக்கிறார்கள் என்பதே அந்த நெடிய வழக்கின் மையமாக இருந்தது.

பயன்பாட்டைப் பொறுத்து வகுப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. தொம்மலூர் போன்ற பகுதிக்குக் குழாயில் காவிரி நீர் வருகிறது, ஆகவே இங்கு யாரும் நிலத்தடி நீரைக் குடிப்பதில்லை என்று எழுதிவிடுவது எளிது. 2024 கோடையில் நடந்தது வேறு. நகரின் 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக அப்போது துணை முதலமைச்சர் டி.கே. சிவகுமார் தெரிவித்தார்; டேங்கர் லாரிகளின் முன் மக்கள் வரிசையில் நின்றனர். அந்த லாரிகளை நிரப்பியவையும் ஆழ்துளைக் கிணறுகளே. குடிநீர் அல்ல என்று கைவிடப்படும் நீர், ஒரு கோடைக்குள் குடிநீராகிவிடக்கூடிய நகரம் இது.

2025 விதிகள்

சுற்றுச்சூழல் பாதுகாப்பு (மாசடைந்த இடங்கள் மேலாண்மை) விதிகளின்படி, மாசடைந்ததாகச் சந்தேகிக்கப்படும் இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அளிக்க வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாள்களுக்குள் முதற்கட்ட ஆய்வையும், அடுத்த மூன்று மாதங்களுக்குள் விரிவான ஆய்வையும் முடிக்க வேண்டும். அபாயகரமான கழிவு விதிகளில் இடம்பெற்ற 189 வேதிப்பொருள்களின் அளவு இங்கு அளவிடப்படும். வரம்பு மீறியிருந்தால் அந்த இடம் பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டு, அங்குச் செல்வதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்படும். வல்லுநர் அமைப்பு ஒன்று சீரமைப்புத் திட்டத்தை வகுக்கும். மாசுக்குப் பொறுப்பானவரை 90 நாள்களுக்குள் மாநில வாரியம் கண்டறிய வேண்டும், செலவு அவருடையது. அவரால் இயலாவிட்டாலோ, அவரைக் கண்டறிய முடியாவிட்டாலோ மத்திய, மாநில அரசுகள் செலவை ஏற்கும்.

கதிரியக்கக் கழிவு, சுரங்கப் பணி, கடலில் எண்ணெய்க் கசிவு, திடக்கழிவுக் கிடங்கு ஆகியவற்றால் ஏற்படும் மாசு இவ்விதிகளுக்குள் வராது. அவற்றுக்கு வேறு சட்டங்கள் உள்ளன. ஆய்வுக்குக் கெடு வைத்த விதிகள், சீரமைப்பு முடிய வேண்டிய நாளுக்குக் கெடு வைக்கவில்லை. இதுவே இவற்றின் பெருங்குறை. விதிகள் வெளியானபோது நாட்டில் அடையாளம் காணப்பட்டிருந்த 103 இடங்களில் ஏழில் மட்டுமே சீரமைப்புப் பணி தொடங்கியிருந்தது.

ராணிப்பேட்டையும் சுன்னாகமும்

கெடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ராணிப்பேட்டையில் காணலாம். 1990களின் நடுப்பகுதியில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. மழைக்காலத்தில் அங்கிருந்து மஞ்சள் நிற நீர் கசிகிறது. நீரில் எளிதில் கரையும் அறுவலு குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கழிவை அகற்றினாலும், பாறைப் பிளவுகளில் ஏற்கெனவே இறங்கிய குரோமியம் பல ஆண்டுகள் வெளிவந்துகொண்டே இருக்கும். தொடக்கத்தில் மண்ணோடு முடிந்திருக்கக்கூடிய செலவு, தாமதத்தால் நிலத்தடி நீரையும் சேர்த்துக்கொண்டது. பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில், மின்முலாம் பூசும் கூடங்களால் எழுந்துள்ள சிக்கலும் இதே குரோமியத்தைப் பற்றியதுதான்.

நீதிமன்றங்கள் பொறுப்பை நிர்ணயிப்பதில் தயங்கவில்லை. ராஜஸ்தானின் பிச்ரி கிராமக் கிணறுகளைக் கெடுத்த வேதித் தொழிற்சாலைகளே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் ‘மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும்’ என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதியாக ஏற்றது. ஆனால் பிச்ரி நிறுவனங்கள் மனுமேல் மனுவாகத் தாக்கல் செய்து வந்ததால், சுமார் 37.38 கோடி ரூபாயைக் கூட்டு வட்டியுடன் செலுத்துமாறு 2011இல் நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. வேலூர் வழக்கில் இழப்பீட்டை அரசு உடனே வழங்கி, பின்னர் மாசுபடுத்தியோரிடம் வசூலிக்க வேண்டும் என்ற உத்தரவு 2025 ஜனவரி 30 அன்றுதான் வந்தது. சேதம் சரிசெய்யப்படும் வரை பொறுப்பு தொடரும் என்பதும் அத்தீர்ப்பில் உள்ளது.

இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்தில், சுன்னாகம் மின் நிலையப் பகுதியின் கிணறுகளில் எண்ணெய் கலந்தது குறித்த வழக்கில், 2019 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மின் நிறுவனத்துக்கு 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு விதித்தது. ஆறுகள் இல்லாத குடாநாட்டில் சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் நிலத்தடி நீரே வாழ்வாதாரம். அமெரிக்க வகைப்பாட்டின் சொற்களில் கூறினால் அது மாற்றே இல்லாத முதல் வகுப்பு.

மனை வாங்குவோர் கவனத்துக்கு

தொம்மலூரில் பத்திரப் பதிவுக்கு முன் அனைவரும் வில்லங்கச் சான்று வாங்குகின்றனர். அந்தச் சான்றில் நிலத்தின் மீதுள்ள கடனும் முந்தைய விற்பனையும் தெரியவரும். மண்ணில் இறங்கிய எண்ணெயோ உலோகமோ தெரியாது. அந்த மனையில் முன்பு என்ன தொழில் நடந்தது என்பதை அக்கம்பக்கத்தில் விசாரிப்பதே முதல் ஆய்வு. நீர்ப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது, வழக்கமான கடினத்தன்மை, உப்பு ஆகியவற்றோடு நைட்ரேட்டையும் கோலிஃபார்ம் நுண்ணுயிரையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். உலோகப் பட்டறை இருந்த இடமாயின் குரோமியம், நிக்கல், ஈயம். பெட்ரோல் நிலையத்துக்கு அருகிலாயின் பென்சீன் என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஆய்வகங்கள் பொதுவாக இவற்றைப் பார்ப்பதில்லை. நைட்ரேட் மிகுந்த நீரைக் கொதிக்க வைப்பதால் பயனில்லை. நீர் ஆவியாகி, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும்.