ரெண்டு கட்டத்துக்குள்ள ஒரு கொடி

போன ஞாயித்துக்கிழமை மழை விடவே இல்ல. தோட்டத்துக்குப் போக முடியாம திண்ணையில இருந்தேன். பக்கத்துல மக பேப்பர்ல குறுக்கெழுத்து போட்டுக்கிட்டு இருந்தா. "அப்பா, மரத்துல ஏறுற கொடி. யவனர் பொன் கொடுத்து வாங்கினது. ரெண்டு எழுத்து"ன்னு கேட்டா.

"நல்லமிளகு"ன்னு சட்டுனு சொன்னேன். எங்க குமரி மாவட்டத்துல மிளகுக்கு அதுதான் பேரு. "வெறும் மிளகுன்னு எழுதினாலே மூணு கட்டம் வேணும்பா"ன்னா. மேலிருந்து கீழ் 'சேரர் துறைமுகம்'னு இருந்த கேள்விக்கு முசிறின்னு எழுதியிருந்தா. அதோட கடைசி எழுத்து 'றி' இதுல ரெண்டாவதா வரணும். அப்பவும் எனக்குப் பிடிபடல. மறுநாள் விடை வந்துச்சு: கறி.

முப்பது வருசமா இந்தக் கொடியை வளக்கிறவன், அதோட பழைய பேரு தெரியாம இருந்திருக்கேன்.

அகநானூறு 149ஆம் பாட்டுல, யவனர் கப்பல் பெரியாத்து வழியா முசிறிக்குப் பொன்னோட வந்து மிளகோட திரும்பினதா இருக்கு. அங்க மிளகுக்கு வர்ற சொல் கறிதான். ரோமாபுரியில பிளினின்னு ஒருத்தர் முதலாம் நூற்றாண்டுல, உறைப்பைத் தவிர ஒண்ணுமில்லாத இந்த மணிக்கு இவ்வளவு பணமான்னு அங்கலாய்ச்சு எழுதியிருக்கார். 408ஆம் வருசம் ரோமை முற்றுகையிட்ட அலாரிக், பொன், வெள்ளியோட 3,000 பவுண்டு மிளகும் கேட்டு வாங்கினான்.

1498ல வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததும் இந்த மிளகுக்காகத்தான். பின்னால போர்ச்சுகீசியர் அமெரிக்காவுல விளைஞ்ச ஒரு காயை இங்க கொண்டு வந்தாங்க. மிளகு மாதிரி உறைக்கிற காய், அதனால மிளகாய். மிளகாய் அடுக்களையைப் பிடிச்ச பிறகு, பழையதை நல்லமிளகுன்னு தனியா சொல்ல வேண்டியதாச்சு. கறின்னா இப்ப கடையில தொங்குற ஆட்டுக்கறி ஞாபகம்தான் வருது.

மலையாளக் கரையில ஒரு கதை சொல்லுவாங்க. போர்ச்சுகீசியர் மிளகுக்கொடியைக் கொண்டு போறாங்கன்னு மந்திரி பதறினாராம். சாமூதிரி ராஜா, "கொடியைக் கொண்டு போவான், நம்ம திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டு போக முடியுமா?"ன்னு சிரிச்சாராம். ஆனி மாசம் வர்ற அந்த மழையில்தான் இன்னைக்கும் மிளகு நடுவோம். ஆனா கொடி போன இடத்துல நல்லாவே பிடிச்சுக்கிட்டு. இப்ப உலகத்துல அதிகமா மிளகு விளையிறது வியட்நாம்ல.

எங்க அப்பா அயனியிலயும் பலாவுலயும் ஏத்திவிட்டது நாப்பது மூடு. தண்ணி தேங்கி வாடல் நோய் வந்து, ரெண்டு மழைக்காலத்துல பதினொண்ணுதான் மிச்சம். மரத்தை வெட்டி ரப்பர் போடச் சொல்றாங்க. கணக்குப் பார்த்தா அவங்க சொல்றது தப்பில்ல.

ஆனா அந்த ரெண்டு கட்டத்தைப் பார்த்த பிறகு மனசு வரல. தண்ணி தேங்காம சால் வெட்டிட்டு, நோய் படாத கொடியில தண்டு எடுத்து, இந்த ஆனியில பத்து மூடு நட்டிருக்கேன். மக அட்டையில 'கறி'ன்னு எழுதி முதல் மூட்டுல கட்டி வச்சிருக்கா. அந்த வழியாப் போறவங்க, "இங்க கறி விக்கிறீங்களா?"ன்னு கேக்காங்க.