டி.என்.ஏ. பழுதுநீக்கம்

டி.என்.ஏ. பழுதுநீக்கம் என்பது புற ஊதாக் கதிர், வேதிப்பொருள்கள் முதலியவற்றால் மரபுப்பொருளில் நேரும் சிதைவுகளையும், இரட்டிப்பாதலில் எழும் பிழைகளையும் உயிரணு சீர்செய்யும் நொதிவழிச் செயல்முறைகளின் தொகுதி. இது சடுதிமாற்றங்களைக் குறைக்கிறது.

முதன்மை வகைகள்: சிதைந்த தனிக் காரத்தை அகற்றும் கார வெட்டுநீக்கம்; அடுத்தடுத்த இரு தைமின் காரங்கள் பிணைந்த தைமின் இருபடியைச் சூழ்ந்த ஏறத்தாழ 30 நியூக்ளியோட்டைடுகளை வெட்டியெடுக்கும் நியூக்ளியோட்டைடு வெட்டுநீக்கம்; பொருந்தா இணைத் திருத்தம்; இரட்டை இழை முறிவுச் சீரமைப்பு.

எஞ்சிய சிதைவு இரட்டிப்பாதலைத் தடுத்தால் சகிப்பு வழிகள் இயங்கும். பாலிமரேஸ் ஈட்டா நொதி, தைமின் இருபடிக்கு எதிரே இரண்டு அடினின்களைச் சேர்த்து, சிதைவை நீக்காமலே புதிய இழையை நீட்டுகிறது. இந்நொதியின் குறைபாடு, தோல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் சீரோடெர்மா பிக்மென்டோசம் நோயின் ஒரு வகைக்குக் காரணம் என 1999இல் கண்டறியப்பட்டது.

பழுதுநீக்க ஆய்வுக்காக தோமாஸ் லிண்டால், பால் மோட்ரிச், அசீஸ் சன்ஜார் ஆகியோர் 2015இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.