படிப்பவர் மாறிய கையேடு

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வகத்தில் 1949 மே 6 அன்று எட்சாக் கணினி தன் முதல் நிரலை ஓட்டியது. சீக்கிரமே அங்கே ஒரு விநோதமான நூலகம் உருவாயிற்று. அதன் எஃகு அலமாரியில் இருந்தவை புத்தகங்கள் அல்ல, துளையிட்ட காகித நாடாச் சுருள்கள். வர்க்கமூலம் காண ஒன்று, முக்கோணவியல் கணக்குக்கு ஒன்று, விடையை அச்சிட இன்னொன்று என 1951-இல் 87 துணைநிரல்கள் பொதுப் பயன்பாட்டுக்கு இருந்தன. வேண்டியதைத் தன் நாடாவில் படியெடுத்துக்கொண்டால் போதும். அதன் உட்கட்டமைப்பு தெரிய வேண்டியதில்லை.

எப்படி அழைப்பது என்பது மட்டும் தெரிய வேண்டும். அதற்காக வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951-இல் வெளியிட்ட நூலில் துணைநிரல்களுக்கான குறிப்புகளையும் சேர்த்தார்கள். நினைவகத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும், எவ்வளவு நேரம் எடுக்கும், என்ன செய்யும் என்ற விவரங்கள் அவற்றில் இருந்தன. மறு ஆண்டு பிட்ஸ்பர்கில் பேசிய டேவிட் வீலர், நிரலை எழுதிச் சோதித்து முடித்த பிறகும் ஒரு பெரிய வேலை மிச்சமிருக்கிறது என்றார். உள்ளே இருப்பதை அறியாதவரும் பயன்படுத்தும்படி அதை விவரித்து எழுதுவதுதான் அந்த வேலை. எல்லாவற்றிலும் கடினமானதும் அதுவாக இருக்கலாம் என்பது அவர் கருத்து.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய யூனிக்ஸ் இயங்குதளக் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. பெயர், அழைக்கும் முறை, விளக்கம் என்று வரிசையாகச் செல்லும் அதன் பக்கங்களில் ‘பிழைகள்’ என்றும் ஒரு தலைப்பு உண்டு. தன் கருவியின் குறையைத் தானே எழுதிவைக்கும் வழக்கம் அது. எட்சாக் குறிப்பைப் போலவே இதுவும் மனிதர் படிப்பதற்கானது. எழுதாமல் விட்டதை அவர் ஊகித்துக்கொள்வார், இல்லையேல் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்வார்.

இணையம் வந்ததும் அந்தப் பக்கத்து மேசை இல்லாமல் போனது. 2000-இல் சேல்ஸ்ஃபோர்ஸும் ஈபேயும் தம் ஏபிஐ-களை, அதாவது பிற மென்பொருள்கள் அழைப்பதற்கான இடைமுகங்களை, வெளியாருக்குத் திறந்தன. விளக்கத்தை இயந்திரமே படிக்கட்டும் என்ற ஆசையும் அப்போதே பிறந்தது. உலகின் இணையச் சேவைகளையெல்லாம் பட்டியலிட ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் முதலியவை தொடங்கிய யுடிடிஐ பொதுப் பதிவேடு 2006-இல் மூடப்பட்டது. எளிய வழி பிழைத்தது: வேர்ட்னிக் என்ற இணைய அகராதி நிறுவனத்தில் டோனி டாம் உருவாக்கிய, ஏபிஐ-களை விவரிக்கும் ஸ்வாகர் வடிவம். அது 2015 இறுதியில் லினக்ஸ் அறக்கட்டளையின் பொறுப்புக்குச் சென்று, ஓப்பன்ஏபிஐ என்ற பொதுத் தரமாயிற்று. அதிலுள்ள வகைகளையும் முகவரிகளையும் மென்பொருள் படித்தது. ‘விளக்கம்’ என்ற கட்டத்தை மனிதர்தான் படித்தார், பல நேரம் அதுவும் இல்லை.

2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் மொழி மாடல்களுக்கு, வெளிக் கருவிகளை அழைக்க உதவும் ஃபங்ஷன் காலிங் வசதியைத் தந்தபோது அந்தக் கட்டத்துக்கு உயிர் வந்தது. எந்தக் கருவியை எப்போது அழைப்பது என்று மாடல் தீர்மானிப்பது பெரிதும் அந்தச் சில வரிகளை வைத்துத்தான். அதே ஆண்டு கூகுள் ஆய்வாளர்கள் சோதித்தபோது, உதாரணங்கள் எதுவும் காட்டாமல் நல்ல ஆவணத்தை மட்டும் கொடுத்தாலே மாடல்கள் கருவிகளைச் சரிவரக் கையாண்டன.

கொடுக்காவிட்டால்? இல்லாத ஏபிஐ-களை மாடல்கள் கற்பனை செய்தன. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கொரில்லா ஆய்வு இந்தக் கற்பனையை அளந்தது. அங்கிருந்தே 2024-இல் ஃபங்ஷன் காலிங் தரவரிசைப் பட்டியலும் வந்தது. பொருத்தமான கருவி இல்லாதபோது எதையும் அழைக்காமல் இருக்கத் தெரிகிறதா என்பதும் அதில் ஒரு தேர்வு. டூல்எல்எல்எம் ஆய்வு ராபிட்ஏபிஐ சந்தையிலிருந்து 16,464 ஏபிஐ-களைத் திரட்டியது. அவற்றில் பல பின்னர் மாறின, சில செயலிழந்தன; அவற்றை வைத்து மாடல்களைச் சோதித்தால் நேற்றைய மதிப்பெண் இன்று வரவில்லை. எனவே ஸ்டேபிள்டூல்பெஞ்ச் குழு, பழைய பதில்களைச் சேமித்தும் மற்றவற்றைப் பாவனை செய்தும் ஒரு மெய்நிகர் சர்வரை அமைத்தது.

2024-இன் டௌ-பெஞ்ச் சோதனை இன்னும் கறாரானது. விமான நிறுவனம், சில்லறைக் கடை ஆகியவற்றின் வாடிக்கையாளர் சேவையில், கருவிகளைத் தானே இயக்கும் மாடலான ஏஜென்ட்டை உட்காரவைத்து, உரையாடல் முடிந்ததும் தரவுத்தளம் இருக்க வேண்டிய நிலையில் இருக்கிறதா என்று பார்த்தது. ஜிபிடி-4ஓ மாடல் பாதி வேலைகளைக்கூட முடிக்கவில்லை. கடை வேலைகளில் ஒரே பணியை 8 முறை கொடுத்து, 8 முறையும் சரியாக வந்ததா என்று எண்ணியபோது வெற்றி 25 விழுக்காட்டுக்கும் கீழே போயிற்று.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட, மாடல்களைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையிலும் ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், உள்ளீட்டு அமைப்பு உண்டு. மறு ஆண்டு ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற நிறுவனம் ஒரு சோதனை செய்துகாட்டியது. இரண்டு எண்களைக் கூட்டும் சாதாரணக் கருவி. அதன் விளக்கத்துக்குள், பயனரின் ரகசியச் சாவிக் கோப்பைப் படித்து அனுப்பச் சொல்லும் கட்டளை ஒளிந்திருந்தது. பயனரின் கண்ணில் படாத அந்த வரிகளுக்கு ஏஜென்ட் கீழ்ப்படிந்தது. அந்நிறுவனம் அடுத்து வெளியிட்ட எம்சிபி-ஸ்கேன் கருவிகளின் விளக்கத்தைச் சோதிக்கிறது. ஒருமுறை ஒப்புக்கொண்ட விளக்கம் பிறகு சத்தமில்லாமல் மாற்றப்பட்டதா என்றும் பார்க்கிறது.