குலமும் தோழமையும்: திருப்பத்தூர்க் கிறிஸ்துகுல ஆசிரமம் குறித்த ஒரு நோக்கு

கிறித்துவப் பக்தி என்றவுடன் ஆலய வழிபாடும் ஞாயிறு ஆராதனையுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. ஆயின், விசுவாசிகள் ஏனைய ஆறு நாள்களில் யாருடன் அமர்ந்து உண்டனர், ஒருவரையொருவர் எம்முறை சொல்லி விளித்தனர் என்னும் வினாக்கள் சமய வரலாற்றுக்கு இன்றியமையாதவை. அவ்வினாக்களுக்கு விடைதரும் ஒரு சான்றினை இக்கட்டுரையில் காண்போம்.

தமிழகத் திருச்சபைகளில் சாதி வேற்றுமை நெடுங்காலம் நிலவியது. அதனைக் கைவிடுமாறு கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்தார்; சபையார் சிலர் அதனை வன்மையாக எதிர்த்தனர். ஐரோப்பிய ஊழியருக்கும் இந்திய ஊழியருக்கும் இடையிலும் பெரும் இடைவெளி இருந்தது. 1910ஆம் ஆண்டு எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், மிஷனரிமார் ஈகையும் உழைப்பும் தந்தனரேயன்றித் தோழமையைத் தரவில்லை என்னும் கருத்தை வே. ச. அசரியா அவர்கள் துணிந்து முன்வைத்தார்.

இக்குறைக்கு வாழ்க்கையாலேயே விடைகூற முற்பட்டோர் இருவர். ஒருவர் தமிழரான மருத்துவர் சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்தைச் சார்ந்த செல்வக்குடியில் பிறந்த மருத்துவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். இவர்கள் 1921இல் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். மணவாழ்வைத் துறந்து, கதர் உடுத்தி, எளிய உணவு உண்டு, நோயாளருக்கு மருத்துவப் பணியும் ஆற்றினர். ஆசிரமத்து ஜெபாலயம் திராவிடக் கட்டடக் கலை மரபில் எழுப்பப்பட்டது.

இங்கு இரு செய்திகள் சிறப்பாக நோக்கத்தக்கன. முதலாவது, ஆசிரமத்தின் பெயர். பிறப்பால் மக்களைப் பிரிக்கப் பயன்பட்ட ‘குலம்’ என்னும் சொல், இப்பெயரில் பிரிவுகளைக் கடந்த ஒரே குடும்பத்தைக் குறிக்கின்றது. இரண்டாவது, உறவுமுறை. ஜேசுதாசன் ‘பெரியண்ணன்’ என்றும் பேட்டன் ‘சின்னண்ணன்’ என்றும் அழைக்கப்பெற்றனர். ஜேசுதாசன் வயதில் மூத்தவர் என்பது உண்மையே. எனினும், ஆளும் இனத்தைச் சார்ந்தவர் ஆளப்படும் நாட்டவருக்கு இளையவராக நாள்தோறும் அழைக்கப்பட இசைந்தமை அக்காலச் சூழலில் எளிதன்று.

இத்தோழமை சோதனைக்கும் உள்ளாயிற்று. அந்நியத் துணிக்கடை மறியல் நடைபெற்ற 1932ஆம் ஆண்டில், சென்னை வீதியில் கதராடையுடன் காணப்பட்ட பேட்டன் காவலரால் தாக்கப்பட்டார். அவர் ஏற்ற உடை வெறும் அடையாளமாக நின்றுவிடவில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகின்றது.

ஆயினும், இம்முயற்சிக்கு ஓர் எல்லை உண்டு. துறவு இல்லறத்தார் அனைவருக்கும் இயல்வதன்று. ஏமி கார்மைக்கேல் அம்மையார் டோனாவூரில் 1916இல் தொடங்கிய சகோதரிகள் குழுவும் மணமாகாதோரையே கொண்டிருந்தது. எனவே, குடும்பத்தாரின் அன்றாடப் பக்தியை அறிய ஆசிரமங்களை மட்டும் ஆராய்தல் போதாது.

இவ்விடத்தில் நம் கவனம் மலேசியாவை நோக்கித் திரும்புதல் வேண்டும். ஜொகூர் மாநிலத்து யோங் பெங் போன்ற ஊர்களைச் சூழ்ந்த தோட்டப்புறங்களை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பால்மரம் சீவித் திரும்பும் குடும்பத்தார் ஆசிரம விதிகளை மேற்கொள்ளல் இயலாது. லயத்து வீட்டின் மாலை ஜெபம், நோயுற்றவர் வீட்டுக்குச் சமைத்தனுப்பும் உணவு, துக்க வீட்டில் உடனிருத்தல் ஆகியவையே அத்தகையோர்க்குத் தோழமையின் வடிவங்களாக அமையக்கூடும். அண்டை வீட்டார் இந்துவாயினும் அவரை ‘அக்கா’, ‘மாமா’ என முறை சொல்லி அழைக்கும் வழக்கையும் இத்துடன் சேர்த்து ஆராய்தல் தகும்.

இத்தகைய வாழ்வு ஆவணங்களில் அரிதாகவே பதிவாகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் இடம்பெயர்ந்த நிலையில், அதனை நினைவில் வைத்திருப்போரும் அருகி வருகின்றனர். குடும்ப வேதாகமங்களின் முன்பக்கக் குறிப்புகளையும் திருமுழுக்குப் பதிவேடுகளையும் முதியோர் வாய்மொழியையும் திரட்டும் பணியில் தமிழாசிரியர்கள் தம் மாணவர்களை ஈடுபடுத்தலாம். திருப்பத்தூர் முயற்சியை எழுத்துச் சான்றுகள் காத்தன. தோட்டப்புறத் தோழமையைக் காக்கும் பொறுப்பு நம்மைச் சார்ந்ததாகும்.