பதினோராம் இலக்க வீட்டுக்காரி

உழைக்கும் மக்களின் வாழ்வு கலையிற் புகுந்த வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் நாவலையும் மேடை நாடகத்தையுமே நோக்குவர். தொலைக்காட்சித் தொடர் நாடகத்தை ஒரு பொருட்டாக எண்ணுவோர் மிகச் சிலர். அவ்வகை நாடகத்தின் பிறப்பே இதற்குக் காரணம் எனலாம். 1930களில், அமெரிக்க வானொலியிற் பகல்வேளைகளில் வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கென ஒலிபரப்பப்பட்ட தொடர்கதைகளுக்குச் சவர்க்காரக் கம்பனிகளே பணம் கொடுத்தன. கதை கேட்பவளே சவர்க்காரம் வாங்குபவளும் ஆவாள் என்பது கம்பனிகளின் கணக்கு. பத்திரிகைக்காரர் இவற்றுக்குச் ‘சவர்க்கார நாடகம்’ என ஏளனமாகப் பெயரிட்டனர். பெயர் நிலைத்தது, ஏளனமும் நிலைத்தது.

அந்த ஏளனத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, இத்தகைய நாடகமொன்றில் ஏறத்தாழ இருபத்தோராண்டுகள் நடித்த பற் பீனிக்ஸ் என்னும் ஆங்கில நடிகையின் தொழில் வாழ்வை நாம் இங்கு நோக்குவோம். அவர் மகா நடிகை என்று நிறுவுவது எமது நோக்கமன்று. பிரித்தானியத் தொலைக்காட்சியில் உழைக்கும் வர்க்கப் பெண்ணொருத்தி பணிப்பெண்ணாகவோ கோமாளியாகவோ அல்லாது, ஆசையும் கோபமும் அவமானமும் உடைய முழு மனுஷியாக வாரந்தோறும் தோன்றியது அவருடைய உருவிலேதான். அதற்காக அவர் கொடுத்த விலையையும் நாம் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முந்திய நிலையை நோக்குவோம். பி.பி.சி. வானொலியில் 1948இல் தொடங்கிய பெரும் தொடர் நாடகத்தின் நாயகி ஒரு வைத்தியரின் மனைவி. வீட்டு நிர்வாகமும் கணவனைப் பற்றிய கவலையுமே அவள் நாட்குறிப்பின் பொருள். அக்கால ஒலிபரப்பிலே தென் இங்கிலாந்துக் கனவான்களின் உச்சரிப்பே ‘சரியான’ ஆங்கிலமாகக் கொள்ளப்பட்டது. லங்காஷயர்த் தொழிலாளி பேசும் மொழி நகைச்சுவைக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அவன் வாய் திறந்தாற் கேட்போர் சிரிக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. மொழி வழக்கை வைத்து மனிதரின் தரத்தை அளக்கும் இப்பழக்கம் இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று என்பதை எம் வாசகருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1955இல் வர்த்தகத் தொலைக்காட்சி வந்தது. வட இங்கிலாந்துக்கான உரிமத்தைப் பெற்ற கிறனாடா நிறுவனம் 1956இல் மன்செஸ்ரரிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் தலைவர் சிட்னி பேண்ஸ்ரீன் சினிமாக் கொட்டகைகளால் வளர்ந்த செல்வர்; தொழிற் கட்சியின் அனுதாபியுமாவார். முதலாளித்துவ நிறுவனமொன்றுக்குள் இத்தகைய முரண்பாடு இருந்தமையாலேயே சில கதவுகள் திறந்தன போலும். அங்கே பணியாற்றிய ரொனி வொறன் என்னும் இளைஞர், வயது இருபத்து நான்கு, தாம் பிறந்து வளர்ந்த சல்போர்ட் பகுதியின் தெருவொன்றைக் கதைக்களமாகக் கொண்டு ‘கொறனேசன் ஸ்றீற்’ என்ற தொடரை எழுதினார். ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழாவின் பெயரால் அமைந்த கற்பனைத் தெரு அது. ஒரு மதுச்சாலை, ஒரு மூலைக்கடை, ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய ஏழு சிறு வீடுகள், ஒரு சமயக் கூடம்: இவ்வளவே அதன் உலகம்.

இப்பகுதியின் வரலாறு முற்போக்கு வாசகர் அறிந்ததே. 1845இல் எங்கெல்ஸ் தமது நூலில் விவரித்த தொழிலாளர் குடியிருப்புகள் மன்செஸ்ரரும் சல்போர்டும் சேர்ந்த இந்நகரப் பரப்பிலேதான் இருந்தன. நூறாண்டுக்கு மேலாக உலகுக்குத் துணி நெய்த அந்த ஆலைகள், தொடர் ஆரம்பித்த காலத்தில் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. 1959ஆம் ஆண்டுப் பருத்திக் கைத்தொழிற் சட்டம் பழைய கதிர்களையும் தறிகளையும் உடைத்தெறிவதற்கு அரசாங்கப் பணம் வழங்கியது. ஆக, ஒரு வாழ்க்கை முறை தேய்ந்துகொண்டிருந்த வேளையிலேதான் அது திரையேறியது.

பற் பீனிக்ஸ் 1923இற் பிறந்தவர், மன்செஸ்ரரிலே வளர்ந்தவர். பள்ளிப் பருவத்திலேயே பி.பி.சி.யின் சிறுவர் நிகழ்ச்சியில் அவர் குரல் ஒலித்தது. பள்ளி விட்டபின் மாநகரசபையின் எரிவாயுப் பகுதியிற் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் எழுதுவினைஞராக வேலை பார்த்தார், மாலைகளில் நாடகம். பின்னர் வட இங்கிலாந்தின் நாடகக் கம்பனிகளிற் சேர்ந்தார். அக்கம்பனிகளின் உழைப்பு முறையை அறியாதவர்க்கு அந்நடிகர்களின் வாழ்வு விளங்காது. இரவில் இவ்வார நாடகம். பகலில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை. இடையில் அதற்கு அடுத்ததன் வசனத்தை மனனஞ்செய்தல். தங்குவது வாடகை அறைகளில். ஞாயிற்றுக்கிழமை புகையிரதத்தில் அடுத்த ஊர். சம்பளமோ சொற்பம். மாற்றாந்தந்தையின் குடும்பப் பெயரால் பற்றீசியா பில்க்கிங்ரன் என வழங்கிய அவர், 1948இல் மன்செஸ்ரர்ப் படக் கம்பனியொன்றின் உதைபந்தாட்ட நகைச்சுவைப் படத்திலும் தோன்றினார். ஜோன் லிற்றில்வூட் நடத்திய, தொழிலாளர் அரங்க மரபில் முளைத்த ‘தியேட்டர் வேக்ஷொப்’ குழுவிலும் சிலகாலம் இருந்தார். சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரை அவர் சூடிக்கொண்டது பின்னர்தான்.

1960இல் அவர் வேலையின்றி லண்டனிலிருந்து மன்செஸ்ரருக்குத் திரும்பியிருந்தார். வயது முப்பத்தாறு. நடிகைகளின் சந்தையில் முப்பத்தாறு என்பது ஏறத்தாழ முதுமை. கிறனாடாவின் தேர்வுக்குச் சென்றபோது, உடல்வாகைப் பார்ப்பதற்காக மேலங்கியைக் கழற்றும்படி கேட்டனராம். வேண்டுமானால் ஊகித்துக்கொள்ளுங்கள் என்று அவர் வெடுக்கெனச் சொன்னாராம். எல்சி ரானர் என்ற பாத்திரம் அவருக்குக் கிடைத்தது. கோபம் அவருக்கு வேலை வாங்கித் தந்தது என்று கொள்வதிலும், எழுதிவைத்திருந்த பாத்திரம் நேரில் நடந்துவரக் கண்டனர் என்று கொள்வதே பொருத்தம்.

எல்சி ரானர் யார்? பதினோராம் இலக்க வீட்டுக்காரி. கணவன் விட்டுப்போனவள். யுத்தகாலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களோடு பழகியவள் எனத் தெருவே பேசும். மகன் சிறை மீண்டு வேலையற்றிருப்பவன்; மகள் போலந்துக்காரன் ஒருவனை மணந்தவள். பிழைப்பு, கடையில் உடுப்பு விற்பது. (மகனாக நடித்த பிலிப் லோறி பிறந்தது 1936இல். தாய்க்கும் மகனுக்கும் மெய்யான வயது வித்தியாசம் பதின்மூன்று வருடந்தான்! ஆயினும் அவ்வீட்டின் சண்டைகளைப் பார்த்த எவரும் அதை எண்ணவில்லை.) 1960 டிசம்பர் 9ஆம் திகதி ஒளிபரப்பான முதலாவது அங்கத்திலேயே, கண்ணாடிமுன் நின்று தன் வாடிய முகத்தைத் தானே ஏளனஞ்செய்யும் எல்சியைக் காண்கிறோம். அழகை இழந்துகொண்டிருக்கும் பெண்ணின் அச்சத்தை, அவளுடைய சொந்த வழக்கிலே, சிரிப்புக்கும் கண்ணீருக்கும் இடைப்பட்ட தொனியில் அந்நடிகை வெளியிட்டார்.

தெருவின் மறு துருவம் ஈனா ஷாப்பிள்ஸ் என்னும் கிழவி. கூந்தல் வலையும் தடித்த மேலங்கியும் அணிந்து சமயக் கூடத்தைக் காவல் செய்பவள். இப்பாத்திரத்தில் நடித்த வயலெற் கார்சன், பேசாப் படக் காலத்திலே கொட்டகையிற் பியானோ வாசித்தவர். எல்சியும் ஈனாவும் தெருநடுவே நின்று வாதிடும்போது, தொழிலாள வர்க்கத்துக்குள்ளேயே குடிகொண்டிருந்த இருவேறு ஒழுக்க நெறிகள் மோதின. ‘மரியாதையான’ வறுமைக்கும் மரியாதையைப் பற்றிக் கவலைப்படாத வறுமைக்கும் இடையிலான சண்டை அது. ஆசிரியர் வொறன் எவர் பக்கமும் சாயவில்லை. சிறுவயதிலே தம் குடும்பத்துப் பெண்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் அவர்.

பதின்மூன்று அங்கங்களுக்கே முதலில் அனுமதி கிடைத்தது. இது நீடிக்காது என ஒரு தினசரியின் விமர்சகர் உடனே எழுதினார். அவர் கணிப்புப் பொய்த்தது. 1961 முடிவதற்குள் நாட்டில் மிக அதிகமானோர் பார்த்த நிகழ்ச்சி இதுவாயிற்று.

அதன் உற்பத்தி முறை ஆலையின் முறையை ஒத்தது. வாரத்துக்கு இரண்டு அங்கங்கள். நான்கு நாள் ஒத்திகை. ஆரம்பத்தில் வெள்ளிக்கிழமை அங்கம் நேரடியாகவே ஒளிபரப்பாயிற்று. அது முடிந்த கையோடு புதன்கிழமைக்குரியது நாடாவிற் பதிவாயிற்று. நாடாவை வெட்டி ஒட்டுவது செலவுமிக்க காரியமாதலால், வசனம் தவறினாலும் நிற்காமற் செல்லவேண்டும். வாரம் ஒரு நாடகம் என்று பழகிய நடிகரே இதற்குத் தாக்குப்பிடித்தனர். பழைய கம்பனிகளின் கசக்கிப் பிழியும் ஒழுங்கு புதிய சாதனத்துக்குக் கூலியின்றிக் கிடைத்த பயிற்சியாயிற்று.

1961 நவம்பர் 1ஆம் திகதி ‘ஈக்விற்றி’ என்னும் நடிகர் தொழிற்சங்கம் வர்த்தகத் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கியது. பார்வையாளர் தொகை பல மடங்காகப் பெருகியும் நடிகரின் கூலி அதற்கேற்ப உயரவில்லை என்பதே குறை. முன்னரே நீண்டகால ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டிருந்த சிலரே நடிக்க முடிந்தது. பற் பீனிக்ஸ் அவர்களில் ஒருவர். ஆகவே கொறனேசன் ஸ்றீற்றிலே திடீரெனத் தபாற்காரன் வரவில்லை, பால்காரன் வரவில்லை, பல குடிகள் சொல்லாமற் கொள்ளாமல் மறைந்தன. எஞ்சிய சிலர் மாறி மாறித் தெருவை நிரப்பினர். 1962 ஏப்பிரலில் வேலைநிறுத்தம் முடிவுற்று ஊதியம் உயர்ந்தது. தொழிலாளர் தெருவொன்றைப் பற்றிய நாடகம் மெய்யான தொழிற் போராட்டமொன்றால் வெறிச்சோடிக் கிடந்த அம்மாதங்களில், கதைக்குள் அப்போராட்டம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இது எமக்கு உறுத்துகிறது. தொழிற்சங்கமும் அரசியலும் அத்தெருவுக்குள் அரிதாகவே நுழைந்தன; காலனிகளிலிருந்து வந்து அதே நகரில் உழைத்த கறுப்பு, கபில நிற மக்களும் அங்கு நெடுங்காலம் இடம்பெறவில்லை. உழைப்பாளியின் வீட்டைக் காட்டிய தொடர், அவன் உழைக்கும் இடத்தைக் காட்டத் தயங்கியது.

இனி நடிகையிடம் திரும்புவோம். எல்சி ஏழை, பற் பீனிக்ஸ் உரோமச் சட்டையும் பெரிய காருமாக வலம்வந்தார். தம்மைக் காணக் கூடும் ஆலைப் பெண்கள் தம்மிடம் ஒரு பகட்டை எதிர்பார்க்கின்றனர் என்பதை அவர் அறிந்திருந்தார். 1966இல் சக நடிகர் இருவருடன் அவுஸ்திரேலியா சென்றபோது அங்கும் பெருங்கூட்டம் திரண்டது. 1967இல் எல்சி அமெரிக்கப் படைவீரன் ஒருவனை மணந்தாள், நாடே பார்த்தது. கதையில் அவளுக்கு வாய்த்த எந்த ஆணும் நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால் எல்சி முடிந்துபோவாள் அல்லவா! ஒருத்தியின் துயரமே சரக்கு என்றான பின்னர், அவள் துயரம் தீர்வது வியாபாரத்துக்கு நட்டம்.

‘த எல்-ஷேப்ட் றூம்’ என்ற 1962ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் விலைமாதாகச் சிறு வேடத்தில் அவர் நடித்ததைப் பார்த்தவர் அவரிடம் வேறும் இருந்தது என்பதை அறிவர். ஆனால் அதை வெளிக்கொணர அவகாசமில்லை. 1972இல், தொடரிலே எல்சியின் கணவனாக நடித்த அலன் பிறவுணிங்கை மெய்யாகவே மணந்தார். 1973இல் இருவரும் தொடரை விட்டு விலகி மேடை நாடகங்களில் நாடெங்கும் பயணஞ்செய்தனர். கொட்டகைக்கு வந்தோர் எந்தப் பாத்திரத்திலும் எல்சியையே தேடினர். 1976இல் அவர் பதினோராம் இலக்கத்துக்குத் திரும்பினார். இதனைத் தோல்வி எனச் சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆயுள் முழுதும் ஒரே இயந்திரத்தில் நின்ற நெசவுக்காரி வேறு ஆலை தேடிப் போய்த் திரும்பி வந்தால் அதற்கு என்ன பெயரோ, இதற்கும் அதுவே பெயர். திரும்பிய எல்சியும் சிறிது காலத்தில் தையல் தொழிற்சாலையொன்றில் மேற்பார்வையாளராக இருக்கக் காண்கிறோம்.

இதற்கிடையில் வினோதமான ஒன்று நிகழ்ந்தது. கற்பனைத் தெருவுக்கு மாதிரியாக அமைந்தது சல்போர்டின் ஓட்சல் பகுதியிலிருந்த ஆச்சி ஸ்றீற் என்னும் மெய்யான தெரு. சேரி ஒழிப்புத் திட்டத்தில், 1970களின் தொடக்கத்தில் அது இடித்து அகற்றப்பட்டது, குடிகள் சிதறினர். பின்னர் கிறனாடா தன் வளவிலே புதிய தெருவொன்றைச் செங்கல்லாற் கட்டியது. சல்போர்டில் இடித்த வீடுகளின் பழைய கற்களையே அதற்கு எடுத்தனர். 1982 மே 5ஆம் திகதி இங்கிலாந்து மகாராணி வந்து அதனைத் திறந்துவைத்தார். மனிதர் வசித்த தெரு மண்ணாயிற்று. எவரும் வசிக்காத தெருவுக்கு அரச மரியாதை கிடைத்தது.

அதே 1982இல் பற் பீனிக்ஸ் வேறொரு மேடையில் நின்றார். தொழிற் கட்சிக்காக, பீக்கன்ஸ்பீல்ட் இடைத்தேர்தலில் ரொனி பிளெயர் என்ற இளம் வழக்கறிஞருக்கு வாக்குக் கேட்டார். பிளெயர் கட்டுப்பணத்தையே இழந்தார். அவருடைய மனைவியின் தந்தையாகிய அந்தனி பூத்தும் ஒரு நடிகர். 1979இற் கடுந் தீக்காயங்களுக்கு ஆளானவர். அவரை உடனிருந்து பராமரித்தவர் பற் பீனிக்ஸ். அந்த இளம் வழக்கறிஞர் பின்னாளிற் பிரதமராகித் தொழிற் கட்சியை எத்திசைக்கு இழுத்துச்சென்றார் என்பது வேறு கதை. அதற்கு இந்த நடிகை பொறுப்பாளியல்லர்.

1984 ஜனவரியில் எல்சி பழைய காதலன் ஒருவனுடன் போர்த்துக்கலுக்குப் புறப்பட்டாள். நடிகைக்கு விடுதலை கிடைத்தது, காலம் கிடைக்கவில்லை. விடுதிக்காரியாக நடித்த ஒரு நகைச்சுவைத் தொடர் 1986இல் வெளிவந்து விரைவில் நின்றது. அவ்வாண்டே நுரையீரற் புற்றுநோயால் வைத்தியசாலையிற் படுத்தார். செப்டெம்பரில், அங்கேயே அந்தனி பூத்தை மணந்தார். சில நாட்களில், 17ஆம் திகதி, அறுபத்திரண்டாம் வயதிற் காலமானார். மன்செஸ்ரரில் நடந்த இறுதிச் சடங்குக்கு அவர் விரும்பியபடி ஜாஸ் வாத்தியம் வாசிக்கப்பட்டது.

எல்சி ரானர் அன்று சாகவில்லை. 2011இல், நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் பிலிப் லோறி மகன் வேடத்தில் தொடருக்குத் திரும்பியபோதுதான், 2004இல் நிகழ்ந்த கார் விபத்தொன்றில் அவள் இறந்துவிட்டாள் என்று தெருவுக்குச் சொல்லப்பட்டது.